அம்மாவின் ஸ்கேனும் நான் படித்த போர்டும்

ஜூலை 11, வெள்ளி

காலையிலிருந்து புழுக்கம். மழை வருவதுபோல் போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது. மாடியில் காயப்போட்ட யூனிபார்மில் மறுபடியும் கரித்தூள். இரும்பு உருக்கும் கம்பெனிகள் பக்கமிருந்து காற்று. இரண்டாம் முறை அலசல்.

செய்ய வேண்டியவை:
1. அறிவியல் கண்காட்சிக்குத் தலைப்பு. பயாலஜி மிஸ் திங்களுக்குள் கேட்டிருக்கிறார்.
2. லைப்ரரி புத்தகம். நான்கு நாள் தாமதம்.
3. நாளை அம்மாவுடன் திருவள்ளூர், ஸ்கேன்.

மூன்றாவதைப் பற்றி எழுதலாமா என்று யோசனை. இந்த நோட்டை வேறு யாரும் தொடுவதில்லை. எழுதுகிறேன். இருமினால், தும்மினால், சிரித்தால், கம்பெனியில் பிளாஸ்டிக் வாளி அடுக்கைத் தூக்கினால், அம்மாவுக்குச் சிறுநீர் கசிகிறது. நான் பிறந்ததிலிருந்தே கொஞ்சம் உண்டாம். இப்போது அதிகம். போன வாரம் எரிச்சலும் காய்ச்சலும் வந்து டாக்டரிடம் போனபோது, டாக்டர் கேட்கக் கேட்க அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

ஆனால் நான் இதையெல்லாம் முன்பே பார்த்திருக்கிறேன்:
- வேலைக்கு எப்போதும் கறுப்பு, கருநீலப் புடவை.
- ஷிப்ட் முடியும்வரை தண்ணீர் குடிப்பதில்லை.
- கொடியில் துண்டுக்கு அடியில் மறைத்துக் காயவைக்கும் பழந்துணிகள்.
- அவளுடைய இருமல். வாயை மூடி, காலை இறுக்கி, குருவி சத்தம் மாதிரி.

எறும்பு வரிசையைக்கூடக் குறித்துவைக்கிற நான், இதை ஒரு நாளும் என்ன என்று கேட்கவில்லை.

பக்கத்தில் கும்மிடிப்பூண்டியிலேயே ஸ்கேன் எடுக்கும் இடம் இருக்கிறது. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "கோமளா நாத்தனாரு அங்கதான் பெருக்கினு கீறா. நாளைக்கு கம்பெனி பஸ்ஸு வர்றதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிரும்." கோமளா அக்கா அம்மாவுடன் அதே லைனில் வேலை. அவள் பெண் தீபிகா என் வகுப்பு.

அத்திப்பட்டில் ஷிப்டில் இருக்கும் அப்பாவிடம் வயிற்று வலி என்று மட்டும் சொல்லியிருக்கிறோம்.

ஜூலை 12, சனி

கவரைப்பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி. வெயில். அம்மாவின் பல்லில் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் படவில்லை.

ஸ்கேன் சென்டரில் சீட்டு எழுதும் பெண் யாருடைய முகத்தையும் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே வசனம்: "ஒரு பாட்டில் தண்ணி குடிச்சிட்டு உக்காருங்க. முட்டினு வந்தா சொல்லுங்க." அம்மா என்னைப் பார்த்தாள். நான் பாட்டில் மூடியைத் திறந்து நீட்டினேன். முழு பாட்டிலையும் குடித்தாள்.

முக்கால் மணி நேரம். ஏ.சி. காற்று நேராக எங்கள் மேல். அம்மா தும்மினாள். அடக்கப் பார்த்து இன்னொரு தும்மல். பிளாஸ்டிக் நாற்காலியின் ஓட்டை வழியாகச் சொட்டியது. வெள்ளை டைல்ஸில் ஒரு கோடாக நகர்ந்தது. எதிர் வரிசையில் இருந்தவர் காலை இழுத்துக்கொண்டார்.

நான் எழுந்து சுவரில் இருந்த போர்டைப் படிக்கப் போனேன்.

எழுந்து போனேன். அதை எழுதித்தான் ஆக வேண்டும். கருவில் இருக்கும் சிசு ஆணா பெண்ணா என்று இங்கே தெரிவிக்கப்படாது, அது தண்டனைக்குரிய குற்றம் என்று போர்டு. மூன்று முறை படித்தேன். திரும்பிப் பார்த்தபோது அம்மா, எதையோ கீழே தவறவிட்டுத் தேடுகிறவள் மாதிரி குனிந்து, முந்தானையால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நர்ஸ் சீட்டைப் பார்த்துவிட்டு, "இந்த ஸ்கேனுக்கு இவ்ளோ தண்ணி வேணாமே, யாரு குடிக்க சொன்னது? போய்ட்டு வந்துருங்க" என்றார். அவ்வளவும் வீண்.

ஸ்கேன் அறைக்குள் போன அம்மா வரவே இல்லை. நர்ஸ் எட்டிப் பார்த்தார். "பொண்ணா நீ? வாம்மா. உங்கம்மா இரும மாட்டேன்றாங்க."

தலைமாட்டில் நின்றேன். இடுப்புக்குக் கீழே துணி. ஸ்கேன் டாக்டரும் பெண்தான். கருவியை வெளிப்புறமாகவே வைத்துப் பார்க்கிறார்.

"இருமுங்கம்மா."

குருவி சத்தம்.

"இது செருமல். நல்லா இருமுங்க."

"வந்துரும் மேடம்."

"வரட்டும். அத பாக்கத்தான ஸ்கேனே? கீழ ஷீட்டு போட்டிருக்கு."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கூரையைப் பார்த்தாள். இருமினாள்.

திரையில் கறுப்பாக ஒரு பை. அதுதான் சிறுநீர்ப்பை. அதன் கழுத்து அப்படியே கீழே சரிந்து, புனல் வாய் மாதிரி லேசாகத் திறந்து, மறுபடி மேலே ஏறியது. பாடத்தில் ஒரு நாளும் பார்க்காதது. காதுக்குக் கேட்காத ஒலி உடம்புக்குள் போய்த் திரும்பி வந்து படமாகிறது. "மேடம், இப்ப இறங்கினது எது? எவ்ளோ இறங்கினா தப்பு?" கேட்டுக்கொண்டே இருந்தேன். முக்கும்போதும் ஒரு அளவு, இழுத்துப் பிடிக்கும்போதும் ஒரு அளவு எடுத்தார்கள். டாக்டர் சிரித்து, "டாக்டருக்குப் படிப்பியா?" என்றார். பெருமை. கூடுதலாக ஒரு படம் கிடைக்குமா என்றுகூடக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அம்மாவின் கையை எப்போது விட்டேன், தெரியவில்லை.

பஸ்ஸில் ஏறும் முன்: "பின்னாடி ஈரம் தெரியுதா பாரு." தெரிந்தது. தெரியவில்லை என்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

ஆபரேஷன் இப்போது வேண்டாமாம். முதலில் பயிற்சி. சிறுநீரை நிறுத்துவதுபோல் உள்ளே இழுத்துப் பிடித்து, எண்ணி, விட வேண்டும். மூன்று வாரம் கழித்து மறுபடி ஸ்கேன். சரியான தசையைத்தான் இழுக்கிறாளா என்று அம்மாவே திரையில் பார்க்கலாம். ஆகஸ்ட் 2 என்று எழுதிய அட்டையைக் காலண்டரில் செருகினாள்.

வெங்காயம் உரித்துக்கொண்டே எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. நான் பார்ப்பதைப் பார்த்து, "இன்னாடி மொகத்தயே பாக்குற, மொகத்துலயா தெரியும்?" என்று சிரித்தாள். சிரிப்பின் நடுவில் காலை இறுக்கினாள்.

கண்காட்சித் தலைப்பு முடிவாகிவிட்டது: ஒலியால் பார்ப்பது. படத்தின் மேல் ஓரத்தில் இருந்த பெயரை வெட்டிவிட்டேன். பெயர் இல்லாவிட்டால் யாருடைய படமும் இல்லை. அம்மாவிடம் கேட்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி

முதல் பரிசு.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வெளியிலிருந்து வந்த நடுவர் சார்ட்டைப் பார்த்துவிட்டு, "படம் நெட்ல சுட்டதா?" என்றார். ஐந்து நாளாக ராத்திரி பகலாகப் படித்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் போய்விட்டதுபோல் சுருக்கென்று இருந்தது.

"இல்ல சார். எங்க அம்மாவோடது. நான் கூடவே இருந்தேன். இருமும்போது இந்த இடம் கீழ இறங்குது பாருங்க, அதனாலதான் கசியுது."

அவர் தலையாட்டினார். கையெழுத்துப் போட்டார். சான்றிதழை வாங்கித் திரும்பியபோதுதான் பக்கத்து மேஜையில் தீபிகா. மின்சார மணி செய்திருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சான்றிதழ் புவியியல் நோட்டுக்குள். வீட்டில் காட்டவில்லை.

ஜூலை 21, திங்கள்

சாயங்காலம் நல்ல மழை. அம்மா நனைந்தே வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"காலைல பஸ்ல ஏறுறேன். கோமளா சொல்றா, வா மல்லிகா, உன் சீட்டுல பிளாஸ்டிக் கவரு விரிச்சு வச்சிகீறேன், வந்து குந்துன்னு. எல்லாம் சிரிச்சாளுங்க. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. நான் சிரிச்சா இன்னா ஆவும்னு உனக்குத் தெரியுமே. படம் போட்டுக் காட்டினியே."

சாப்பிடவில்லை. நானும். கத்தரிக்காய் அப்படியே.

ஜூலை 23, புதன்

அம்மா கம்பெனி பஸ்ஸில் போவதில்லை. ஷேர் ஆட்டோ. எண்ணும் சத்தம் மூன்று நாளாக இல்லை. காலண்டரில் அட்டையும் இல்லை. கேட்டதற்கு, "எதுக்கு? நீதான் எல்லாத்தயும் பாத்துட்டியே."

தீபிகா தானே வந்தாள். "எங்கம்மாகிட்ட மட்டும்தாண்டி சொன்னேன்." அவள் ஒருத்தியிடம் சொன்னாள். நான் ஒரு ஹாலுக்கே சொன்னேன். அவளைக் கோபிக்க முடியவில்லை.

மாவட்ட அளவுக்கு என் சார்ட்டை அனுப்பப்போகிறார்களாம், திருவள்ளூருக்கு. நான் லேபுக்குப் போய்ப் படத்தைப் பிரித்தேன். பசையோடு கொஞ்சம் சார்ட்டும் கிழிந்தது. மிஸ், "அது இல்லன்னா இதுல வேற என்ன இருக்கு?" என்றார்.

"அது என்னுடையது இல்ல மிஸ்."

எனக்குப் பதிலாக தீபிகாவின் மின்சார மணி போகிறது.

அம்மா பக்கத்தில் உட்கார வெட்கப்பட்ட நான், படத்தை மாட்ட வெட்கப்படவில்லை. நாளெல்லாம் இதே யோசனை. வேதியியல் டெஸ்டில் இரண்டு கேள்வி விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கிழிந்த படத்தை அம்மா முன்னால் வைத்தேன். கேட்காமல் எடுத்தது, வாய்விட்டுச் சொன்னது, பரிசு, எல்லாம் சொன்னேன். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. புத்தகத்தில் வருகிற மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.

அம்மா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதுவரை அவள் அதைப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அன்று திரை என் பக்கம்தான் திரும்பியிருந்தது.

பிறகு கேட்டாள். "அந்தப் போர்டுல இன்னா எழுதினு இருந்துது?"

"எந்தப் போர்டு?"

"நான் தரைய தொடைக்கும்போது நின்னு படிச்சியே."

சொன்னேன். ஆணா பெண்ணா என்று தெரிவிக்கப்படாது. குற்றம். ஒரு எழுத்து விடாமல் நினைவிருந்தது.

"ம்" என்றாள். எழுந்து போய்ப் பீரோவிலிருந்து அட்டையை எடுத்தாள். "நாளைக்குப் போறேன். உனக்காவ இல்ல. இன்னும் எத்தினி வருசம் வாளி தூக்கணுமோ. நீயும் வா, அந்தப் பொண்ணு தண்ணி குடின்னா எனக்கு வாணாம்னு சொல்லத் தெரியாது. ஆனா உள்ள வரக்கூடாது."

ஆகஸ்ட் 2, சனி

மேகமூட்டம். அதே இரண்டு பஸ். அம்மாவுக்குக் கறுப்புப் புடவை.

"ஒரு பாட்டில் தண்ணி குடிச்சிட்டு..."

"இந்த ஸ்கேனுக்கு வேணாம். உள்ள கேட்டுட்டு சொல்லுங்க." குரல் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. எல்லாரும் திரும்பினார்கள். அந்தப் பெண் எழுந்து போய்க் கேட்டு வந்து, சரி உட்காருங்க என்றாள்.

அதே வரிசை. அம்மாவுக்கு அடுத்த நாற்காலி. எதிரே அந்தப் போர்டு. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நர்ஸுக்கு என் முகம் நினைவிருந்தது. "பொண்ணு வரலியா உள்ள?"

"அவ குந்தினு இருக்கட்டும்."

கதவு மூடியது. பத்து நிமிடம் இருக்கும். உள்ளேயிருந்து இருமல். முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன். குருவி சத்தம் இல்லை. அடிவயிற்றிலிருந்து, வாயைத் திறந்து, கதவுக்கு வெளியே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. இன்னொன்று. இன்னும் ஒன்று.

பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்தார். "உங்க ஊட்டு ஆளா?"

"எங்க அம்மா."

"ஒடம்புக்கு இன்னா?"

"அம்மாகிட்டதான் கேக்கணும்" என்றேன்.

வெளியே வந்து எனக்கு முன்னால் நடந்தாள். திரையில் என்ன தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி, அங்கேயே நின்று பாதி குடித்தாள்.