இல்லாத பக்கங்களுக்கு நான் சொன்ன "திறம்"

உம்முடைய நினைவு மலரை இன்று காலையிலும் எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். அச்சு மை மணம் இன்னும் போகவில்லை. அட்டையில் நீர் சிரிக்கிறீர். ஆஸ்பத்திரி அடையாள அட்டைக்கு எடுத்த அதே படம்தான், பின்னால் மட்டும் நீல வானம் ஒன்றைப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். இரண்டு தரம் இதைக் கிழிக்கப் பார்த்தேன். நல்ல தடித்த தாள், கிழியவில்லை.

கோபிக்காதேயும். உம்முடைய படத்தையோ தேவாரப் பக்கத்தையோ நான் தொடவில்லை. பதினோராம் பக்கத்தைத்தான் கிழிக்கப் பார்த்தேன். "வாசிப்பில் என் தோழர்" என்று தலைப்புப் போட்டு அந்தக் குருநகர் மரியதாஸ் எழுதியிருக்கிறானே, அந்தப் பக்கத்தை.

நீர் கண்மூடிய முப்பத்தோராம் நாளுக்கு மலர் அடிக்கப் போகிறோம் என்று உம்முடைய மனைவி கூப்பிட்டனுப்பியபோது நான் இஸ்திரி போட்ட சேர்ட்டோடு போனேன். நாற்பது வருடப் பழக்கம், உம்முடைய வாசிப்பைப் பற்றி வேறு யார் எழுதுவது? கட்டுரையின் முதல் பந்தி மனதுக்குள் தயாராக இருந்தது. அவர் ஒரு தாளை நீட்டினார். "மாஸ்டர், நீங்கள் கணக்குப் படிப்பிச்ச ஆள், பிழை விடமாட்டியள். இந்த வம்சாவளியை ஒருக்காப் பார்த்துத் தாங்கோ." வாசிப்பைப் பற்றி யார் எழுதுகிறார் என்று மெல்லக் கேட்டேன். "உந்த மீன்வலைக்கடைப் பிள்ளை எழுதுது. அந்தப் பிள்ளையோடை கதைக்கிறதெண்டால் இவருக்குச் சாப்பாடும் தேவையில்லையே" என்றார். உம்முடைய பூட்டனாரின் பெயரில் ஓர் ஒற்று விடுபட்டிருந்தது. அதைப் போட்டுக் கொடுத்துவிட்டு மானிப்பாய்ச் சந்தி வரை நடந்தே வந்தேன். தேகம் முழுக்க எரிந்தது, ஐசே.

நாம் பார்த்த படங்களை அவன் பார்த்தானா? யாழ்ப்பாணத்துத் தியேட்டருக்கு இரண்டு சைக்கிளில் போவோம். படம் முடிந்து ஓட்டுமடம் சந்தி தாண்டும்வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்பது நீர் போட்ட சட்டம். உடனே கதைத்தால் படம் கரைந்துபோகுமாம். சந்தி தாண்டியதும் சைக்கிளை என் பக்கம் ஒட்டி மிதித்துக்கொண்டு வருவீர்.

"எப்பிடி ஐசே?"

"நீர் முதல் சொல்லும்."

ஒவ்வொரு தரமும் இதுதான். ஒருநாள்கூட நான் முதலில் சொன்னதில்லை. தகப்பனும் மகளும் பிரிந்து கடைசியில் ரயில் நிலையத்தில் சந்திக்கிற படம் ஒன்று வந்ததே, நினைவிருக்கிறதா? நீர் ஒரேயடியாக வெட்டிவிட்டீர். "மூண்டு நாள் காட்டுக்குள்ளை திரிஞ்ச ஆள், சேர்ட்டிலை ஒரு கறை இல்லை. ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழேக்கையும் நான் அந்தக் கொலரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தனான்."

"ஓம் ஓம், எனக்கும் கொலர்தான் கண்ணிலை பட்டது" என்றேன்.

பச்சைப் பொய். எனக்குக் கொலரும் தெரியவில்லை, கதாநாயகனும் தெரியவில்லை, கண் முழுக்கத் தண்ணீர். அடுத்த கிழமை பகல் காட்சிக்குத் தனியாகப் போய் இன்னொரு தரம் அழுதுவிட்டு வந்தேன்.

ஏன் அப்படிப் பொய் சொன்னேன் என்று கேட்டால், அப்போதே எனக்கு உம்மில் பொறாமை. தேத்தண்ணிக் கடையில் படம் எப்படி, புத்தகம் எப்படி என்று எவன் கேட்டாலும் உம்மைப் பார்த்துத்தான் கேட்பான். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற உமக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "குப்பை" என்றால் குப்பை, "திறம்" என்றால் திறம். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்குகிற எனக்கு, எனக்குப் பிடித்த படத்தைப் பிடித்தது என்று சொல்ல நா எழவில்லை. நீர் சொல்வதை நானும் சொன்னால் உமக்குப் பக்கத்தில் நிற்கலாம் என்று நினைத்தேன்.

பிறகு அந்த நாவல். வாசிகசாலையில் எடுத்து வாசித்துவிட்டு, உமக்குப் பைத்தியம் பிடித்ததுபோல எனக்கென்று ஒரு பிரதி வாங்கி வந்தீர். "வாசிச்சுப்போட்டுச் சொல்லும். இந்த முறை நீர்தான் முதல்" என்றீர். வாசித்தேன். தொண்ணூற்றாறாம் பக்கத்தில் தாய் வீட்டை விட்டுப் போகிறாள். அடுத்த பக்கத்தில் மகளுக்குக் கலியாணம். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நவீன நாவல், இப்படித்தான் தாவும், நாம்தான் விளங்கிக்கொள்ள வேண்டும் என்று என் தலையிலேயே குட்டிக்கொண்டு மேலே வாசித்து முடித்தேன்.

உமக்கும் இன்னொரு தரம் வாசிக்க ஆசை வந்து, புத்தகத்தை நான் திருப்பித் தந்த அன்று நீர் கேட்டீர். "தாய் திரும்பி வந்து கிணத்தடியிலை நிக்கிற இடம் எப்பிடி?"

எந்தத் தாய், எந்தக் கிணற்றடி? வாசித்ததில் எதையோ தவறவிட்டுவிட்டேன் என்று பயந்துபோனேன். "திறம் ஐசே. நெஞ்சு அடைச்சுப்போச்சு" என்றேன்.

நீர் சந்தோஷமாகத் தலையாட்டினீர். அதற்குப் பிறகுதான் நீர் மாறினீர். எதைக் கேட்டாலும் "பரவாயில்லை." படமா, பரவாயில்லை. நாவலா, பரவாயில்லை. ஓட்டுமடம் தாண்டியும் பேசாமல் சைக்கிள் மிதித்தீர். வயது போகிறது, ஆசை குறைகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் மரியதாஸ் தாய்க்குப் பிறஷர் குளிசை எடுக்க ஆஸ்பத்திரிக்கு வந்தவன், உம்முடைய மேசையில் கிடந்த வேறொரு நாவலைப் பார்த்து "உது குப்பை அண்ணை" என்றானாம். அதை நீரே எனக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்னீர். "குருநகர்ப் பெடியன் ஒருத்தன், வலைக்கடை வைச்சிருக்கிறான். நல்லாச் சண்டை பிடிப்பான் ஐசே!" சண்டை பிடிக்கிறவனை ஒருவர் இப்படிக் கொண்டாடுவாரா என்று எனக்கு விளங்கவில்லை. அன்று முழுக்க நான் உம்மோடு சரியாக முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நீர் அதைக் கவனிக்கவுமில்லை.

பதினோராம் பக்கத்தில் அவன் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பூசை முடிந்து வந்ததும் போன் எடுப்பீராம், ஒரு மணித்தியாலம் கதைப்பீராம். எனக்கு ஒரு சொல் "பரவாயில்லை", அவனுக்கு ஒரு மணித்தியாலம்! அதற்குக் கீழே இருப்பதை நான் மனப்பாடம் செய்துவிட்டேன்.

"அண்ணைக்கு ஒத்து ஊதுகிறவர்களைப் பிடிக்காது. நண்பர் ஒருவருக்கு அவர் வாங்கிக் கொடுத்த நாவலில் பதினாறு பக்கங்கள் தைக்காமலே விடுபட்டிருந்தன. அந்தப் பக்கங்களில் வரும் காட்சியைப் பற்றி அவர் கேட்டபோது, நண்பர் திறம் என்றாராம். புத்தகம் திரும்பி வந்த பிறகுதான் அண்ணை அதைக் கண்டார். ஆள் யார் என்று எத்தனையோ தரம் கேட்டேன். உமக்கேன் அது என்று மழுப்பிவிட்டார்."

முப்பத்தோராம் நாள் பந்தியில் இதை வாசித்துவிட்டு எல்லோரும் சிரித்தார்கள். கணக்கு மாஸ்டரான நான் அன்று அந்த நாவலில் பக்க எண்ணைக்கூடப் பார்க்கவில்லை. மரியதாஸ் என் பக்கத்தில்தான் இருந்தான். "மாஸ்டர், நீங்கள் கனகாலம் பழகின ஆள். அந்த ஆள் ஆரெண்டு தெரியுமோ?" என்று கேட்டான்.

"தெரியாது" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினேன்.

அதோடு விட்டானா? போன ஞாயிறு மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கே வந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமையில் கதைக்க ஆளில்லாமல் விசர் பிடிக்கிறதாம். கையில் அந்த நாவல், முழுப் பிரதி. "வாசியுங்கோ மாஸ்டர், பதினாறு பக்கம்தானே, நான் இருக்கிறன்" என்று கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டான்.

வாசித்தேன். தாய் வருகிறாள். கிணற்றடியில் நிற்கிறாள். உள்ளே மகளின் குரல் கேட்கிறது. ஒரு வாளி தண்ணீர் அள்ளிக் காலைக் கழுவிக்கொண்டு, கூப்பிடாமலே திரும்பிப் போகிறாள். புத்தகத்தை மூடினேன். "எப்பிடி மாஸ்டர்?" என்றான். நீர் முதல் சொல்லும் என்பது நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"எனக்குப் பிடிக்கேல்லை தம்பி. பதினைஞ்சு வருசம் கழிச்சு வந்தவள், பெத்த பிள்ளையின்ரை சத்தம் கேட்டும் கால் கழுவிப்போட்டுப் போவாளோ? எழுதின ஆளுக்குக் கண்ணீர் தேவை. அதுக்காக அந்த மனிசியைத் திருப்பி அனுப்பிப்போட்டார்."

அவன் எழும்பிவிட்டான். "என்ன விசர்க்கதை கதைக்கிறியள் மாஸ்டர்? அந்த இடத்தைப் போனிலை எனக்கு வாசிச்சுக் காட்டேக்கை அண்ணை அழுதவர்!"

நீர் அழுதீரா? கொலரைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் அழுதீரா? நாற்பது வருடத்தில் என் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருப்பீரா? அதையும் அவனுக்கே கொடுத்துவிட்டீர். நானும் உமக்குத் தெரியாமல் பகல் காட்சியில் அழுதவன்தான், அது வேறு. எனக்கு வந்த கோபத்தில், "அண்ணை அழுதாலும் பிழை பிழைதான்" என்று கத்தினேன். தேத்தண்ணி ஆறும்வரை இரண்டு பேரும் பிடித்த சண்டையில் பக்கத்து வீட்டுக்காரர் வேலியால் எட்டிப் பார்த்தார்.

போகும்போது அவன் முகம் மலர்ந்திருந்தது. "உங்களோடை இப்பிடிச் சண்டை பிடிக்கலாமெண்டு அண்ணை ஒருநாளும் சொல்லேல்லையே! வாற ஞாயிறும் வாறன்" என்றான். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் கேட்டான். "அந்தப் பதினாறு பக்க ஆள் ஆரெண்டு உண்மையா உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியாது தம்பி."

உம்முடைய ஞாயிற்றுக்கிழமைகள் அவனிடம். உம்முடைய கண்ணீர் அவனிடம். நினைவு மலரில் முழுதாக ஒரு பக்கம் அவனிடம். அந்த ஆள் யார் என்பதை மட்டும் கடைசிவரை நீர் அவனுக்குச் சொல்லவில்லை. அது எனக்கும் உமக்கும் மட்டும் தெரியும். நானும் சொல்லமாட்டேன், ஐசே. உம்மிடமிருந்து அவனுக்குக் கிடைக்காத ஒன்றாவது எனக்கு இருக்கட்டும்.