கூடத்தில் கேட்கும் குரல்

என்னங்க,

கோபித்துக்கொண்டு போனவருக்கு நானாக எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

ஆய்வுக்கூடத்தில் நான் தயாரிக்கும் அமினோ அமிலம் உங்களுக்குத் தெரியும். கதிரியக்கம் சேர்த்து ஊசியில் ஏற்றினால் நல்ல மூளை அதை அவ்வளவாகச் சீண்டாது. கட்டி மட்டும் அள்ளி விழுங்கி, ஸ்கேனில் விளக்குப்போல் எரியும். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஆள் வேண்டும் என்றார்கள். நானே போய்ப் படுத்தேன். எப்போதும் தொணதொணக்கும் ஸ்கேன்காரர் அன்று திரையை மட்டும் என் பக்கம் திருப்பினார். படத்தில், என் வலது காதுக்கு மேலே ஒரு வெளிச்சம்.

நீங்கள் போனதிலிருந்து தினமும் காலையில் கூடத்தில் உங்கள் குரல், "சாவிய எங்க வெச்ச?" என்று கேட்கிறது. நானும் அடுப்படியிலிருந்தே, "ஆணியிலதான் தொங்குது, கண்ணு எங்க போச்சு?" என்று கத்துவேன். அந்த இடத்தில் கட்டி வந்தால் அப்படிக் குரல் கேட்குமாம், மருத்துவர் சொன்னார். வெள்ளிக்கிழமை அறுவை செய்து எடுத்துவிடலாமாம்.

நேற்று குரல் சாவியைக் கேட்கவில்லை. "என்னைய எடுக்க விட்றாதடி" என்றது.

நீங்கள் கெஞ்சி நான் கேட்டதே இல்லை. மனம் இளகுகிறது.

போன் செய்ய வேண்டாம். நேரில் வாருங்கள். வாசலில் நின்று கூப்பிட்டால் திறக்க மாட்டேன், கதவைத் தட்டுங்கள். என் முகத்தைப் பார்த்து, "அத எடுத்துடட்டும்" என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

இன்னும் உங்கள் மனைவிதான்.