வேதப்புத்தக உறைக்குள் மறைத்தது

கொட்டாஞ்சேனை
12.10.1997

அன்பு மகள் சுகிர்தாவுக்கு,

கர்த்தர் உன்னை மதுரையில் குறையில்லாமல் வைத்திருப்பார் என்ற நம்பிக்கையோடு அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவுக்குப் பிரஷர் மட்டும் ஏறி இறங்குகிறது, கருவாட்டை விடமாட்டேன் என்கிறார். உன் கலியாணத்துக்கு மண்டபம் பதிந்தாயிற்று, மாப்பிள்ளை ரூபன் லண்டனிலிருந்து டிசம்பர் முதல் கிழமையே வந்துவிடுவாராம். இங்கே மறுபடியும் வீடு வீடாகச் சோதிக்கிறார்கள், நீ வந்து இறங்கும்போது அடையாள அட்டை கைப்பையிலேயே இருக்கட்டும்.

மகள், போன கடிதத்தில் நீ கேட்டிருந்தாய், உடம்பில் வரும் ஆசை பாவமா, அதை நினைத்தால் ஜெபம் பண்ணவே கூச்சமாக இருக்கிறது, ரூபனோடு தனியே இருக்கப் பயமாக இருக்கிறது என்று. எல்லாம் போகப்போகத் தெரியும், ஜெபம் பண்ணு என்று நான் இரண்டே வரியில் முடித்துவிட்டேன். பேராதனையில் பட்டம் எடுத்தவள் மகளுக்கு எழுதும் பதிலா அது? அதைத் தபாலில் போட்ட நேரம் முதல் மனம் சரியில்லை. அதனால்தான் கோட்டைப் பக்கம் கிறிஸ்தவப் புத்தகக் கடைக்குப் போய், விசுவாசிகளின் தாம்பத்தியம் பற்றி ஒரு டொக்டர் அம்மா எழுதிய புத்தகத்தை உனக்கென்று வாங்கினேன். பஸ்ஸில் யாரும் பார்த்துவிடுவார்களே என்று என் வேதப்புத்தகத்தைக் கடைப் பையில் போட்டுவிட்டு, அதன் சிப் உறைக்குள் இதை வைத்து இழுத்து மூடினேன். எந்தச் சோதனைச் சாவடியிலும் அந்த உறையை யாரும் திறந்ததில்லை.

அன்று திறந்தார்கள். நம் சந்திச் சாவடியில் நின்ற பொலிஸ் பெண்ணுக்கு, உறைக்குள் வேறொரு தமிழ்ப் புத்தகத்தையும் அதற்குள் அம்புக்குறி போட்ட படங்களையும் கண்டதும் சந்தேகம் வந்துவிட்டது. மேக்க மொகத்த, இது என்ன என்று சத்தம் போட்டாள். எனக்கு அதற்குச் சிங்களத்தில் சொல் வரவில்லை, தமிழிலும் வரவில்லை. பின்னால் வரிசையில் நம் சபை மேபல் அக்கா நிற்கிறா. பதறிப்போய், மகே நெமெய், துவகே என்றுவிட்டேன், என்னுடையது இல்லை, மகளுடையது என்று. அந்தப் பொலிஸ் பிள்ளை படத்தை இன்னொருமுறை பார்த்தாள், விளங்கிவிட்டது, முகம் சிவந்துபோய் சிப்பைத் தானே இழுத்து மூடினாள். பிறகு குனிந்து, இது சிங்களத்தில் கிடைக்குமா அக்கே, எனக்கும் அடுத்த மாதம் கலியாணம் என்று மெதுவாகக் கேட்டாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது மேபல் அக்கா எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக, உங்கட பிள்ளை மதுரைக்குப் போனது உதுகளைப் படிக்கத்தானோ, உறையும் நல்ல தோதாத்தான் கிடைச்சிருக்கு என்றா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மகள். அந்தச் சிரிப்பை நினைக்க நினைக்க உடம்பு கூசுகிறது. இன்று அதே இடத்தில் நின்று, அது நான் வாங்கின புத்தகம் மேபல் அக்கா, பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது, பயத்தில பொய் சொல்லிப்போட்டன் என்றேன். இந்த வயசில உமக்கேன் உது, விசரே, பைத்தியமே என்றா. ஓம் அக்கா, பிந்தித்தான் போச்சு என்று சொல்லிவிட்டு வந்தேன். என்னை மன்னித்துக்கொள் பிள்ளை.

புத்தகத்தை நான் முழுக்க வாசித்தேன். ஆசையைத் தந்தவரும் கர்த்தர்தானாம், அதற்கு வெட்கப்படுவதால் யாரும் பரிசுத்தமாகிவிடுவதில்லையாம். விருப்பமில்லாத நேரம் வேண்டாம் என்று சொல்ல மனைவிக்கும் உரிமை உண்டாம், அதைக் கேட்டு நடப்பதுதான் அன்பாம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் உனக்குச் சொல்லாமல் விடப் பார்த்தேன். வாசித்து முடித்து, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக உன் அப்பாவிடம் இதைப் பற்றிக் கதைத்தேன். பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, கலியாணம் முடிஞ்ச அண்டைக்கு நானும் பயந்துதானப்பா இருந்தனான் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு பேரும் பயந்திருக்கிறோம், ஒருவருக்கொருவர் சொல்லாமலே இத்தனை வருஷம் இருந்துவிட்டோம்.

அதனால் நீ ரூபனுக்கு எழுது, கலியாணத்துக்கு முன்னமே எழுது, பயமாக இருக்கிறது என்று. அவருக்கும் இருக்கும்.

இரும்புச்சத்துக் குளிசையை விடாதே, சட்டை அளவை மறக்காமல் அனுப்பு. கர்த்தர் உங்கள் இருவரையும் ஆசீர்வதிப்பாராக.

உன் அன்பு அம்மா,
சரோஜினிதேவி