மாத்தி வாங்கின நெட்டையன்

அண்ணனுக்குத் தங்கச்சி எழுதறேன்.

எங்கூட்டுக்காரரை அடக்கம் பண்ணின மண்ணு இன்னும் அமுங்கலை. அதுக்குள்ள, நம்ம எஸ்டேட் பேஸ்கட்பால் டீமுக்கு ஆள் எடுக்கற நீங்களே எம்பையனை மாரமங்கலத்து எஸ்டேட்டுக்குக் குடுத்துட்டு, அங்கிருந்து ஒரு நெட்டையனை மாத்தி வாங்கியிருக்கீங்க.

கேட்டதுக்கு, "உம்பையன் ஆட்டம் இவ்வளவுதான் தங்கச்சி. இவன் ஆறடி, பழக்கினா எங்கியோ போயிருவான்"னு சிரிச்சீங்க. காய்க்கிற காப்பிச் செடியைப் புடுங்கிட்டு நாத்து நடறவன் இந்த மலையில உண்டுங்களா? பந்தை யாருக்குத் தள்ளணும்னு எம்பையனுக்குத் தெரிஞ்சதாலதானே மத்த நாலு பேரும் கூடையில போட்டாங்க?

மாதாகோயில்ல வெக்கிற அப்பனோட முப்பதாம் நாள் பூசைக்குக்கூட அவனை விடமாட்டாங்களாம். அன்னிக்கு அங்க மேட்ச்சாம்.

நெட்டையனை எங்கூட்டுலயே தங்கச் சொல்லி அனுப்பிட்டீங்க. நிலையில தலையை இடிச்சுக்கிட்டு, "பாயை எங்க போடட்டுங்கம்மா?"னு நின்னான். பந்து வந்தா கண்ணை மூடிக்கறானாம், அவனே சொன்னான். எம்பையன் தட்டுலதான் அவனுக்குச் சோறு போட்டேன். அவன் மேல என்ன தப்பு?

பூசைக்கு வந்தா கோயிலோட போயிருங்க. இந்த ஊட்டுல இனி உங்களுக்குத் தட்டு இல்லீங்க.

இப்படிக்கு,
அவனைப் பெத்தவ