பின்கதவுக்கும் ஒரு பூட்டு

ஜூன் 12, திங்கள்

மேல்காற்று. வாசலெல்லாம் புழுதி. கம்பெனியில் நாள் முழுக்கப் பொம்மைகளுக்குக் கண் எழுதும் வேலை. சாயங்காலம் வீடு வந்தால் கூடத்தில் ஃபேன் ஓடுகிறது. சாப்பிட்ட தட்டு கழுவாமல். பீரோ திறந்து, புடவையெல்லாம் கட்டில்மேல்.

கொழுந்தன் சேகர்தான். "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று என் வீட்டுக்காரர் தம்பிக்குக் கொடுத்துவைத்த சாவி. அவர் தவறிப்போய் இரண்டு வருடம். சாவி மட்டும் திரும்பவில்லை. அவன் தேடியது வீட்டுப் பத்திரம். அது ஸ்ரீமுஷ்ணத்தில், என் அக்கா வீட்டில். தேடட்டும்.

போன் செய்தேன்.

"எங்க அண்ணன் வூட்டுக்கு நான் வரக்கூடாதா அண்ணி?"

"வரலாம். நான் இருக்கறப்ப, கதவத் தட்டிட்டு வா."

சிரித்தான்.

ஜூன் 13, செவ்வாய்

அரை நாள் லீவு. தச்சுவேலை செய்யும் மங்கலம்பேட்டை பாய் வந்து கதவுகளைப் பார்த்தார். துபாயில் கதவு மாட்டும் வேலை செய்தவர்.

"இந்தத் தொங்குற பூட்டெல்லாம் ஒரு நெம்பு நெம்புனா போச்சும்மா. கதவுக்குள்ளயே பதிக்கிறது போடுங்க. சாவியத் திருப்புனா இரும்பு நாக்கு நெலைக்குள்ள போயி உக்காந்துக்கும்."

வாங்க: பூட்டு 2, நீள ஸ்க்ரூ, பின்கதவு நிலைக்கு இரும்புத் தகடு, தக்காளி ½ கிலோ.

கடைக்காரர்: "பின்பக்கத்துக்குமா?"

"அதுவும் கதவுதானங்க."

ஜூன் 14, புதன்

இரண்டும் மாட்டியாயிற்று. வீடெல்லாம் மரத்தூள். பக்கத்து வீட்டு சரோஜா எட்டிப் பார்த்து, "ஒத்தப் பொம்பளைக்கு இம்மாம் பூட்டு எதுக்கு? உள்ள என்னா வச்சிருக்க?"

"என்னையத்தான் வச்சிருக்கேன்."

தக்காளி வாங்க மறந்துபோனேன். புளிக்குழம்பு.

ஜூன் 16, வெள்ளி

கம்பெனியில் கரண்ட் இல்லை. மதியமே வீடு. சோறு போட்டு உட்கார்ந்தேன், வாசலில் வண்டிச் சத்தம். சேகர். நான் உள்ளே இருப்பது தெரியாது. முன்கதவைத் தள்ளினான். பின்பக்கம் போனான். தோளால் இடித்தான், ஒருமுறை உதைத்தான். கதவு அசையவில்லை.

ஜன்னலைத் திறந்தேன். "என்னா வேணும்? இங்கயே சொல்லு."

திடுக்கிட்டான். அப்புறம் குரல் ஏறியது. "புதுச் சாவி ஒண்ணு குடு. எங்க அண்ணன் கட்டுன வூடு."

"செங்கல்லு சொமந்தவ நானு. பத்திரம் எம்பேர்ல. சாவியும் எங்கிட்டதான்."

தெருவே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும். அவன் போன பிறகு பின்கதவைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு ஸ்க்ரூகூட ஆடவில்லை, போதும். சோறு ஆறிப்போயிருந்தது. முழுக்கச் சாப்பிட்டேன்.

ஜூன் 18, ஞாயிறு

காலையில் மாமியார். சேகர் வீட்டில்தான் இருக்கிறார். திட்டக்குடி பஸ்ஸில் தனியாக வந்திருக்கிறார். கதவைத் தட்டினார். திறந்தேன்.

"சாவி வாங்கியாரச் சொன்னான்."

"தர மாட்டேன் அத்தை."

உட்கார்ந்தார். டீ குடித்தார். எழுந்துபோய்க் கதவில் இருந்த சாவியைத் தானே திருப்பிப் பார்த்தார். இரண்டு முறை.

"எங்க வூட்ல என் ரூமுக்கு இந்த மாதிரி ஒண்ணு போட முடியுமா மல்லிகா? நான் கோயிலுக்குப் போனா எம்பொட்டியத் தொறந்து கொடையறான்."

இத்தனை வருடத்தில் அத்தை என்னிடம் கேட்ட முதல் உதவி.

பாய்க்குப் போன் செய்துவிட்டேன். நாளை முதல் பஸ், திட்டக்குடி. சேகர் கத்துவான். துளைபோடும் மெஷின் அவனைவிடச் சத்தமாகக் கத்தும்.