வரிசையில் இரண்டு ஹாரன்

என் அப்பாவுக்கு,

மன்னித்துவிடுங்கள். நீங்கள் இருந்தபோது எதிரே உட்கார்ந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள், இப்போது எல்லோரும் படிக்க எழுதுகிறேன்.

சுங்கை பினாங் வீட்டில் அம்மா நலம். ஆனால் கீழே சாலையில் லோரி ஹாரன் கேட்டால் கையில் இருப்பதை வைத்துவிட்டு அப்படியே நிற்கிறார். நானும்தான்.

பட்டர்வொர்த் துறைமுக வாசலில், சரக்கு ஏற்றக் காத்திருந்த வரிசையில், ஸ்டியரிங்கில் தலைசாய்த்தபடி போய்விட்டீர்கள். ஆள் பற்றாக்குறை என்று ஓய்வில்லாமல் ஓட்டவிட்டார்கள். உங்களுக்குப் பின்னால் நின்றது உங்கள் கூட்டாளி மணியம் சித்தப்பாவின் லோரி. முன்னால் இருப்பவர் தூங்கிவிட்டால் முந்தக் கூடாது, இரண்டு ஹாரன் அடித்து எழுப்ப வேண்டும். அதுதானே உங்கள் வழக்கம்? அவர் அடித்தார். "எந்திரிடா சோம்பேறி" என்று ஏசிக்கொண்டே மறுபடியும் அடித்தார்.

பட்டம் வாங்கியதும் புதியவர்களுக்கு லோரி ஓட்டப் பயிற்சி தரும் மையத்தில் சேர்ந்தேன். ஆட்கள் கூடினால் இன்னொருவர் அப்படிச் சாக வேண்டாமே என்றுதான். தொழிற்சாலையில் வேலை போனவர்கள் வந்தார்கள். அவர்களில் சுங்கை பாக்காப் ஊர்க்காரன் குமரேசனை உங்கள் கம்பெனிக்கே அனுப்பினேன்.

போன வாரம் சித்தப்பா வந்தார். உட்காரவில்லை.

"ஏம்மா, நீ அனுப்புற ஆளுங்க என்ன கூலி சொன்னாலும் தலையாட்டுறானுங்க. கம்பெனி மொதலாளி தவுக்கே எனக்கும் அதே ரேட்டுங்கறான்லா."

"ஆளு இல்லாமத்தானே சித்தப்பா, அப்பா..."

"உங்கப்பன ஓய்வில்லாம கொன்னானுங்க. என்னை ஓட்டமில்லாம கொல்லப் போறீங்க."

அம்மா கோப்பி நீட்டினார். "சீனி கம்மி போட்டீங்களா அண்ணி? கூலி மாதிரியே இருக்கணும்" என்றார் சித்தப்பா. யாரும் சிரிக்கவில்லை.

வரிசையில் சித்தப்பா கண்ணயர்ந்தபோது குமரேசன் முந்திப் போய்விட்டானாம். அன்றைய ஓட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. அவனைக் கேட்டேன்.

"பாவம், அசந்து தூங்கினாருக்கா. எழுப்ப மனசு வரல."

தூங்கினாரா, உங்களைப் போல் போய்விட்டாரா என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது? அன்றிலிருந்து எனக்குத்தான் தூக்கம் வருவதில்லை.

நான் செய்வது உதவியா, உங்கள் கூட்டாளியின் சோற்றில் கைவைப்பதா? கூலியைக் குறைப்பவர் முதலாளி. ஆனால் அதற்குச் சாக்காக அவர் காட்டும் ஆள் நான் அனுப்பியவன். நிறுத்திவிட்டால், அடுத்து எந்த ஸ்டியரிங்கில் யார் தலைசாய்ப்பார்?

நிறுத்த மாட்டேன் அப்பா. பழையவர்களின் கூலிக்குக் குறைந்து ஓட்டுவதில்லை என்று ஒத்துக்கொள்ளாத எவரையும் இனி எங்கும் அனுப்பவும் மாட்டேன். கூட்டத்தில் என் குரல் நடுங்கும், தெரியுமே. இருந்தாலும் திங்கட்கிழமை வகுப்பில் கூலியைப் பற்றியும் அந்த இரண்டு ஹாரனைப் பற்றியும் நானே எழுந்து சொல்வேன்.

குமரேசன் இன்னொன்றும் சொன்னான். "மணியம் அண்ணே ஹாரனே அடிக்கறதில்லக்கா. கெட்டுப்போச்சுன்னு நெனச்சோம்."

அதனால், கேட்கலாமா என்று இவ்வளவு நேரம் தயங்கிய ஒன்றைக் கேட்கிறேன். ஒரே ஒரு முறை சித்தப்பாவின் கனவில் வாருங்கள். அன்று அவர் ஏசியது உங்கள் காதில் விழவில்லை என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

பேசாமலே இருந்த உங்கள் மகள்,
தேன்மொழி