அண்ணன் படிக்காமல் விட்டது

1958 மார்ச் 4
வாரப் பத்திரிகை வந்தால் கதை அண்ணிக்கு, சினிமாப் பக்கம் அண்ணனுக்கு, கெட்டி அட்டை எனக்கு. அதில்தான் ஊசியால் புள்ளி குத்தி இதை எழுதுகிறேன். சென்னையில் கண் தெரியாதவர் பள்ளியில் கற்ற எழுத்து. இந்த வீட்டில் வேறு யாருக்கும் வராது.

மில்லிலிருந்து வந்ததும் கலியமூர்த்தி அண்ணன் தினசரியைப் படித்துக் காட்டினார். காபி ஆறுவதற்குள் முடிந்தது. "அவ்வளவுதான்" என்று மடித்துவிட்டார். தொட்டுப் பார்த்தேன், எத்தனை தாள்! அவ்வளவுதானா?

மார்ச் 11
இன்றும் அவ்வளவுதான்.

மார்ச் 19
ஊசியை அழுத்திக் குத்துகிறேன். அட்டை கிழிகிறது. கிழியட்டும்.

பக்கத்து வீட்டு ஜீனத்துன்னிசா கேட்டாள்: "நீ ஏன் மனு போடல? ஒங்க இஸ்கூலுக்கு டீச்சர் வேணும்னு போன மாசமே பேப்பர்ல வந்துச்சே."

அங்கேயே படித்த பெண்களாகக் கேட்டிருக்கிறார்கள். கெடு போன வாரம் முடிந்துவிட்டது.

அண்ணனைக் கேட்டேன். மறைக்கவில்லை. "பார்த்தேன் சுலோ. ஒன்ன மெட்ராசுக்கு அனுப்பிட்டு நாங்க நிம்மதியா இருக்க முடியுமா? அதான் படிக்கல."

அதான் படிக்கலையாம்! என் கண்ணுதானே போச்சு, புத்தியுமா போச்சு? போறேன், போகல — அத நான் சொல்லணும். என் காதுக்கு எது வரலாம்னு முடிவு பண்ண இவரு யாரு? பாசமாம். கொண்டுபோய் அடுப்பில் போடட்டும்.

மார்ச் 20
அண்ணன் பேப்பரை விரித்தார். எழுந்து போய்விட்டேன்.

ஏப்ரல் 2
இப்போது மத்தியானத்தில் ஜீனத் அவள் வீட்டுப் பேப்பரை எனக்குப் படித்துக் காட்டுகிறாள். அச்சிட்டவர் பெயர் வரை ஒன்றும் விடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். மணிலாக்கொட்டை விலை, காணாமல்போன மாடு, யாரோ ஒருவரின் கருமாதி, மலச்சிக்கல் லேகியம். "இதெல்லாம் ஒனக்கு எதுக்குடி?" என்றாள். எதுக்கோ. வேண்டாததை நானே தள்ளிக்கொள்கிறேன். வேண்டியதை அட்டையில் குத்தி வைக்கிறேன்.

ஜூன் 16
சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. விளக்கில் எண்ணெய் இல்லை என்று அண்ணி முணுமுணுத்தாள். கையில் பேப்பரை வைத்துக்கொண்டு அண்ணன் சும்மா உட்கார்ந்திருந்தார். மில் போனஸ் என்ன ஆயிற்று என்ற கவலை அவருக்கு.

"சுலோ, இன்னைக்கு இன்னா செய்தி?"

அட்டையை எடுத்து இருட்டிலேயே விரலை ஓட்டிப் படித்தேன். போனஸ் பேச்சு தள்ளிப்போயிற்று. கடலூரில் மழை. பஞ்சு விலை ஏறியிருக்கிறது. கடைசி வரியில் விரல் நின்றது. பள்ளியில் மறுபடி டீச்சர் கேட்டிருக்கிறார்கள். ஜீனத் மத்தியானமே என் மனுவை எழுதித் தபாலில் போட்டுவிட்டாள்.

"வேற ஒண்ணும் இல்லியா?" என்றார் அண்ணன்.

"அவ்வளவுதான்" என்றேன்.